அரியலூர் முதல் தலைமன்னார் வரை

வட்டவளையைக் கடந்து மலையேறும் புகையிரதம் ஹற்றனை அடையுமுன் றொசல்லயில் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கும். சின்னஞ்சிறு நிலையம். சுற்றிலும் தேயிலை, பள்ளத்தில் மூடுபனி. 1884ஆம் ஆண்டில் ஹற்றன் வரைக்கும், மறு ஆண்டில் நானுஓயா வரைக்கும் வெள்ளையர் இப்பாதையை இட்டது தோட்டத்துப் பண்டம் துறைமுகம் சேர்வதற்காகவேயன்றித் தோட்டத்து மாந்தர் ஊர் போய் வருவதற்காக அன்று. எனினும் மக்கள் அதில் ஏறினார்கள். கோச்சி என்று அதற்குச் செல்லப் பெயரும் இட்டார்கள்.

லால் பகதூர் சாஸ்திரியாரின் வரலாற்றைக் கூறப் புகுந்தவன் றொசல்லயிலிருந்து தொடங்குவது வாசகருக்கு விநோதமாகத் தோன்றலாம். அன்னாரின் சரிதையில் காசி உண்டு, அலகாபாத் உண்டு, டில்லியும் தாஷ்கண்டும் உண்டு. இந்த மலைநாட்டு நிலையத்தின் பெயர் அவர் செவியில் என்றேனும் விழுந்திருக்குமா என்பதே ஐயந்தான். ஆயினும் அவர் இட்ட ஒரு கையெழுத்தின் பாரத்தை இந்நிலையத்து மேடை பல்லாண்டுகள் சுமந்தது. அந்தக் கை யாருடையது, அது அதற்கு முன் எதை எதை எழுதிற்று என்று அறிந்துகொள்வது நமக்கு வேண்டியதே.

அவர் பிறந்ததே ஒரு புகைவண்டி ஊரில். காசிக்கு அருகே கங்கையின் மறுகரையில் உள்ள முகல்சராய், வட இந்தியாவின் இருப்புப் பாதைகள் பல வந்து கூடும் பெருஞ்சந்தி. (2018இல் அச்சந்திக்கு வேறு பெயர் சூட்டிவிட்டார்கள், பழையவர்களின் நாவில் பழைய பெயரே நிற்கிறது.) 1904ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள், தாய்வழிப் பாட்டனாரின் இல்லத்தில் லால் பகதூர் பிறந்தார். பாட்டனார் அவ்வூர் ரயில்வேப் பள்ளியில் ஆசிரியர். தந்தை சாரதா பிரசாத்தும் முதலில் ஆசிரியர். பின்னர் அலகாபாத்தில் வருவாய்த்துறைக் குமாஸ்தா. குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன்னே தந்தை மறைந்தார். தாய் ராம்துலாரி தேவி பிள்ளைகளுடன் பிறந்தகம் வந்து சேர்ந்தார். வண்டிகளின் ஊதல் ஒலியைக் கேட்டே வளர்ந்த அப்பிள்ளை, பிற்காலத்தில் அத்தனை வண்டிகளுக்கும் பொறுப்பாளி ஆகப் போகிறது என்று அன்று யார் கண்டார்?

காசியில் ஹரிச்சந்திர உயர்நிலைப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தபோது, 1921இல், காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டுப் பள்ளியை விட்டு வெளியேறினார். இறுதித் தேர்வுக்குச் சில மாதங்களே எஞ்சியிருந்தன. ஏழைத் தாயின் மகன். படித்து உத்தியோகம் பார்த்தால்தான் அடுப்பு எரியும் என்ற குடும்பம். பின்னர் தேசியக் கல்விக்கென நிறுவப்பட்ட காசி வித்தியாபீடத்தில் சேர்ந்து 1925இல் சாஸ்திரி என்னும் பட்டம் பெற்றார். சாதியைக் காட்டும் குடும்பப் பெயரை முன்னரே களைந்துவிட்டவருக்குப் பட்டமே பெயராக ஒட்டிக்கொண்டது. நம்மவரிற் சிலர் சாஸ்திரி என்ற சொல்லைக் கேட்டு அவரை வைதிகப் பிராமணர் என்று எண்ணுவதுண்டு. அது கல்வியால் வந்த பெயரேயன்றிக் குலத்தால் வந்ததன்று.

லாலா லஜபதிராய் நிறுவிய மக்கள் ஊழியர் சங்கத்தில் உறுப்பினரானார். 1928இல் லலிதா தேவியாரை மணந்தார். அதன்பின் சிறைவாசமும் விடுதலையும் மாறி மாறி வந்தன. உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஒரு முறை, தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஒரு முறை, 1942இல் மறுபடியும் ஒரு முறை என, இளமையில் பல ஆண்டுகள் சிறைச் சுவர்களுக்குள்ளே கழிந்தன. அக்காலத் தியாகிகள் பலரின் வரலாறும் இவ்வாறே ஓடுவதால் இதனை நான் நீட்டவில்லை.

சுதந்திரத்தின்பின் ஐக்கிய மாகாணத்தில் கோவிந்த வல்லப பந்த்தின் மந்திரி சபையில் போலீசும் போக்குவரத்தும் அவர் பொறுப்பில் வந்தன. கூட்டத்தைக் கலைக்கத் தடியடிக்குப் பதிலாகத் தண்ணீரைப் பீய்ச்சும்படி அவர் பணித்தார் என்பர். 1951இல் நேரு அவரை டில்லிக்கு அழைத்துக் காங்கிரசின் பொதுக் காரியதரிசி ஆக்கினார். 1952 மே மாதத்தில் ரயில்வே, போக்குவரத்து மந்திரியாகப் பதவியேற்றார்.

அப்போது இந்திய ரயில்வே எந்நிலையிலிருந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வெள்ளையர் ஆட்சியில் இருப்புப் பாதை ஒரே அமைப்பாக இருந்ததில்லை. கம்பெனிப் பாதைகள், அரசாங்கப் பாதைகள், சமஸ்தான மன்னர்களின் பாதைகள் என நாற்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் இருந்தன. ஒருவரின் தண்டவாளம் அகலம், மற்றவரது குறுகல். ஒருவரின் கால அட்டவணைக்கும் மற்றவரதற்கும் பொருத்தமில்லை. எல்லைச் சந்தியில் இறங்கி, மூட்டை முடிச்சுகளைத் தூக்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருப்பது மூன்றாம் வகுப்புப் பயணியின் தலைவிதியாயிருந்தது. இவற்றையெல்லாம் சேர்த்து ஆறு மண்டலங்களாக்கும் வேலை 1951இல் தென்னகத்தில் தொடங்கி, சாஸ்திரியார் பதவியேற்பதற்கு ஒரு மாதம் முன்னர் முடிந்திருந்தது. காகிதத்தில் முடிந்ததை மேடையிலும் பெட்டியிலும் மெய்யாக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. 1955இல் கிழக்கு மண்டலம் இரண்டாகப் பிரிக்கப்பட்டுத் தென்கிழக்கு ரயில்வே உருவாயிற்று. அதே ஆண்டில் பழைய முதல் வகுப்பு ஒழிக்கப்பட்டு, இரண்டாம் வகுப்பே முதல் வகுப்பென்று பெயர் மாறியது. செல்வருக்கும் ஏழைக்கும் இடையே பெட்டியிலேனும் ஒரு படி குறைந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் சென்னைப் பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார். பயணிகள் பெட்டிக்கு அந்நிய நாட்டை எதிர்பார்த்திருந்த நிலை அதனால் மாறத் தொடங்கிற்று. அன்று காந்தியடிகளின் பிறந்த நாள் என்பது அனைவருக்கும் தெரியும். ரயில்வே மந்திரியின் பிறந்த நாளும் அதுவே என்பது சிலருக்கே தெரியும். அவரும் அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளும் சுபாவமுடையவரல்லர்.

அவருடைய அதிகாரத்துக்குட்பட்ட பாதைகளிலே ஒன்று நம் வாசலைத் தொட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டு கொழும்புக் கோட்டை வரை செல்லுபடியானது. தனுஷ்கோடியில் வண்டியிலிருந்து இறங்கிக் கப்பலேற வேண்டும். தலைமன்னார்த் துறையில் கப்பலிலிருந்து இறங்கி மீண்டும் வண்டியேற வேண்டும். அக்கரைத் தண்டவாளம் குறுகல். இக்கரைத் தண்டவாளம் அகலம். ஒரு கரையின் பெட்டி மறுகரையில் ஓடாது. ஆயினும் இரு கரை நிர்வாகங்களும் நேரத்தைப் பொருத்தி, கட்டணத்தைப் பங்கிட்டு, இரண்டு தண்டவாளத்தையும் ஒரு கடலையும் ஒரே பயணமாக்கின. நாடுகள் கூடிச் செய்த காரியம் என்று இதைத் தயங்காமற் சொல்லலாம். எனினும் தோட்டத் தொழிலாளிக்கு அப்பயணம் அத்தனை நேரானதன்று. மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்கென அடைபட்டுக் கிடந்து, கங்காணியின் கணக்கில் பெயர் ஏறி, அதன்பின்னரே அவன் தலைமன்னாரைக் கண்டான். அங்கிருந்து மதவாச்சி, அநுராதபுரம், மாகோ, பொல்காவலை. பின்னர் மலையேறும் வண்டி. றொசல்லயிலும் ஹற்றனிலும் வந்திறங்கிய தலைமுறைகள் இவ்வழியே வந்தவையே. திருச்சிராப்பள்ளிச் சீமை, புதுக்கோட்டை, சேலம் என்று தங்கள் ஊரை அவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தத் திருச்சிராப்பள்ளிச் சீமையிலேதான் அரியலூர் இருக்கிறது.

1956 செப்டெம்பரில் ஹைதராபாத் இராச்சியத்து மகபூப்நகருக்கு அருகே பாலம் இடிந்து வண்டி கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாஸ்திரியார் உடனே இராஜிநாமாக் கடிதத்தை நேருவிடம் கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. மூன்று மாதமும் நிறையவில்லை. நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. இரவெல்லாம் பெய்த மழையில் ஆறு பெருகிப் பாலத்தின் கரையை அரித்திருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் வெள்ளத்திற் சரிந்தன. உறங்கிக்கொண்டிருந்தவர்களுள் 140க்கும் மேற்பட்டோர் மறுபடி விழிக்கவில்லை.

மழைக்கு மந்திரி எப்படிப் பொறுப்பாவார்? பாலத்தை அவர் கட்டவில்லை; அன்றிரவு அதைக் காவல் காத்தவரும் அவரல்லர். இவ்வாறு சொல்லிக்கொள்ள அவருக்குப் போதிய இடமிருந்தது. அவர் அவ்வாறு சொல்லவில்லை. மறுபடியும் கடிதம் எழுதினார். இம்முறை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டினார். நேரு பாராளுமன்றத்தில் பேசியபோது, நேர்ந்ததற்கு இவர் காரணரல்லர், ஆனால் பொறுப்பாட்சிக்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காகவே ஏற்கிறேன் என்னும் கருத்துப்படப் பேசினார். சாஸ்திரியார் பதவியை விட்டு இறங்கினார். எதிர்க்கட்சியினரும் அவரை மதித்தனர். இன்றைக்கும் எங்கேனும் வண்டி கவிழ்ந்தால் இந்தியப் பத்திரிகைகள் முதலில் நினைவுகூரும் பெயர் அவருடையதே. அவர் செய்ததைச் செய்தவர் பின்னர் மிகச் சிலரே என்பதும் அதற்கு ஒரு காரணமாகலாம்.

1957 தேர்தலின்பின் மீண்டும் மந்திரியானார். போக்குவரத்து, வர்த்தகம், 1961 முதல் உள்நாடு என்று இலாகாக்கள் மாறின. 1963இல் காமராசர் திட்டப்படி பதவி துறந்தார். சில மாதங்களில் நோயுற்ற நேருவுக்குத் துணையாகத் திரும்ப அழைக்கப்பட்டார். 1964 மே மாதம் நேரு மறைந்தார். காங்கிரஸ் தலைவராயிருந்த காமராசர் உறுப்பினர்களின் எண்ணத்தைக் கேட்டறிந்து சாஸ்திரியாரின் பெயரை முன்வைத்தார். ஜூன் 9ஆம் நாள் அவர் பிரதமரானார். குள்ள உருவம், மெல்லிய குரல், கதர் வேட்டி. பிரதமரான பின்னரும் மோட்டார் வாங்க வங்கியிற் கடன்பட்டவர். அக்கடனை அடைத்து முடிக்காமலே மறைந்தவர்.

இனி நம் கதைக்கு வருவோம்.

1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத்து மக்களை நாடற்றோர் ஆக்கியது. அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் சார்பில் பிரசாவுரிமை கோரி விண்ணப்பம் செய்யப்பட்டது. கிடைத்தவர் ஒன்றரை இலட்சத்திற்கும் குறைவு. எஞ்சியோர் இலங்கையில் வாழ்ந்து தலைமுறை கடந்தவர்கள், ஆகவே அவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பது நேருவின் கொள்கை. அல்லர், அவர்கள் இந்தியர் என்பது கொழும்பின் வாதம். 1954இல் நேருவும் கொத்தலாவலையும் ஓர் உடன்பாடு கண்டனர். அது முடிச்சை அவிழ்க்கவில்லை.

1964 ஒக்டோபரில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா டில்லி சென்றார். சாஸ்திரியார் பிரதமராகி ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை. 1962இல் சீனத்துடன் போர் நடந்து ஆறாத புண்ணாயிருந்த காலம். அண்டை நாடுகளின் நல்லெண்ணம் இந்தியாவுக்கு அவசியமாயிருந்தது. ஒக்டோபர் 30ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றோர் தொகை 975,000 என்று கணக்கிட்டார்கள். அவர்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும். எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது. பதினைந்து ஆண்டுகளில் எல்லாம் நிறைவேற வேண்டும். நான்கு பேர் இங்கே பிரசையானால் ஏழு பேர் அங்கே போக வேண்டும் என்னும் விகிதம் பின்னர் 1967ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஏறியது.

இதற்கு நியாயம் சொல்வோர் உளர். பதினாறு ஆண்டுகளாக ஒன்றும் தராத இலங்கை, மூன்று இலட்சம் பேரை ஏற்பதாக முதன்முறை எழுத்தில் ஒப்பியது அல்லவா என்பர். அது உண்மை. முடிவின்றி இழுபட்ட வழக்கை முடித்துவிடுவதே நன்று என்று அவர் கருதியிருக்க வேண்டும். வஞ்சனை அவர் நெஞ்சில் இருந்ததென்று அவரை அறிந்த எவரும் சொல்லார். ஆனால் அந்த ஒன்பதே முக்கால் இலட்சத்தில் ஒருவரையும் எவரும் கேட்கவில்லை. தோட்டத்துத் தொழிற்சங்கங்களையும் கேட்கவில்லை. அரியலூரில் தாம் செய்யாத பிழைக்குத் தாமே முன்வந்து பொறுப்பேற்றவர், டில்லியில் தாம் இட்ட கையெழுத்தினால் யார் யார் எந்த மேடையில் நின்று அழப்போகிறார்கள் என்று கேட்டுப் பார்க்கவில்லையே என்பதுதான் என் மனத்தில் நெடுநாளாக உறுத்தும் கேள்வி. அவரைப் போற்றுவோருடனும் நான் இதில் முழுதும் உடன்படேன்; தூற்றுவோருடனும் உடன்படேன்.

ஒப்பந்தத்தின் மை காய்ந்து இரண்டு மாதமும் ஆகவில்லை. டிசெம்பர் 22ஆம் நாள் இரவு பெரும்புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற பயணிகள் வண்டி பேரலையில் முழுதாக மறைந்தது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் உயிர் தப்பியவர் இல்லை. நிலையமும் கப்பல் துறையும் மணல்மேடாயின. பாம்பன் பாலத்தின் வளைகள் பல அடித்துச் செல்லப்பட்டன. அப்பாலத்தை 46 நாட்களிற் செப்பனிட்டு முடித்த இளம் பொறியியலாளர் சிறீதரனின் பெயரைப் பிற்காலத்தில் இந்தியா முழுவதும் அறிந்தது. ஆனால் தனுஷ்கோடிக்கு மறுபடி பாதை இடவில்லை. கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடலாயிற்று. இரு அரசுகளும் 1914 முதல் மக்கள் வந்து போவதற்கென்று கூடி நடத்திய பயணம், இப்போது போவதற்கு மட்டுமென்று ஆனது.

சாஸ்திரியார் அதைக் காண இருக்கவில்லை. 1965இல் தமிழகத்தில் இந்தி எதிர்ப்புக் கொந்தளிப்பு, பின்னர் பாகிஸ்தானுடன் போர். 1966 ஜனவரி 10ஆம் நாள் சோவியத் நாட்டுத் தாஷ்கண்ட் நகரில் அயூப்கானுடன் சமாதான உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். அன்றிரவு கழியுமுன், 11ஆம் நாள் பின்னிரவில், மாரடைப்பால் உயிர் நீத்தார். வயது 61. பத்தொன்பது மாதமே பிரதமராயிருந்தார்.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தபின்னரே மலையகத்திலிருந்து வண்டிகள் பெருமளவில் புறப்பட்டன. பதுளை முதல் நாவலப்பிட்டி வரை எந்த நிலையத்திலும் ஒரே காட்சி. அண்ணன் கையில் இந்தியக் கடவுச்சீட்டு. தங்கையின் வீட்டார் இலங்கைப் பிரசைகள். தகரப் பெட்டி, பாய்ச்சுருள், சாமி படம். ஊதல் கேட்டதும் எழும் அழுகுரலில் வண்டியின் இரைச்சலே அமுங்கிப் போகும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். போனவர்களுட் சிலருக்குத் தமிழக அரசு நீலகிரியில் 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி கொழுந்து கிள்ளினார்கள். பலருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

விடப்பட்ட 150,000 பேரை 1974இல் திருமதி பண்டாரநாயக்காவும் திருமதி இந்திரா காந்தியும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். 1984இல் போர் காரணமாகக் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டே தோட்டத்தில் தங்கிவிட்டவர் பலர். 1990இல் தலைமன்னார் வண்டியும் நின்றது; தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுக் காடு மூடிற்று.

2003இல் கொழும்புப் பாராளுமன்றம் இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டமொன்றை நிறைவேற்றியது. இலங்கையில் நிலையாக வாழ்ந்தவர் என்று கொள்வதற்கு அச்சட்டம் குறித்த நாள் 1964 ஒக்டோபர் 30. அன்றிலிருந்து இங்கேயே இருப்பவரும் அவர் சந்ததியாரும் பிரசைகள். முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் எந்த நாளில் அவர்களுட் பெரும்பாலோர் போகவேண்டியவர் என்று எழுதப்பட்டதோ, அந்த நாளே இருக்கலாம் என்பதற்குச் சான்றாயிற்று.

மதவாச்சி–தலைமன்னார்ப் பாதையை இந்திய அரசின் இர்கொன் நிறுவனம் புதிதாக இட்டது. 2015 மார்ச் 14ஆம் நாள் தலைமன்னாரில் வந்து நின்று முதல் வண்டிக்குக் கொடியசைத்தவர் மற்றோர் இந்தியப் பிரதமர். வண்டி துறைமுக மேடை வரை சென்றது. அங்கே கப்பல் இல்லை.